மேல போன கல்லு ஏன் கீழ வருது? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில குளத்தடி வீதியைப் பற்றி எழுதேக்க, ஒவ்வொரு மாரிக்கும் கிரவல் கொட்டுறதும் ஒவ்வொரு மாரியும் வெள்ளம் அதை அள்ளிக்கொண்டு போறதும் ஒரு 'சிசிஃபியன்' வேலை எண்டு ஒரு வரி வந்தது. அந்த ஒரு சொல்லைப் பிடிச்சுக்கொண்டு வவுனியா தொடக்கம் முல்லைத்தீவு மட்டும் கடிதமும் வாட்ஸ்அப் மெசேஜும் வந்திருக்குது, அதால இந்த முறை வேற கேள்வி ஒண்டும் எடுக்கேல்ல.

கேள்வி: ஏ.எல். படிக்கிறன். சிசிஃபியன் எண்டா 'சரியான கஷ்டமான வேலை' எண்டு எங்கட இங்கிலிஸ் ரீச்சர் சொன்னவா. அவ்வளவுதானா? எப்பிடி உச்சரிக்கிறது, எங்கயிருந்து வந்தது?
– ஒரு மாணவி, தருமபுரம்

தங்கச்சி, ரீச்சர் சொன்னது பாதி. கஷ்டம் மட்டும் காணாது. வேலை முடியவும் கூடாது, முடியிற மாதிரி வந்து திரும்ப முதலில இருந்து தொடங்கவும் வேணும், செய்தவரின்ட கையில ஒண்டும் மிஞ்சவும் கூடாது, இவ்வளவும் சேர்ந்தாத்தான் அந்தச் சொல்லு பொருந்தும். சி-சி-ஃபீ-யன் எண்டு 'ஃபீ'யில அழுத்திச் சொல்லோணும். ஒரு ஆளின்ட பேரில இருந்து வந்தபடியா இங்கிலிஸில முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாப் போடுறது வழக்கம், எக்ஸாமில அதை மறந்திடாதேங்கோ.

அந்த ஆள் சிசிஃபஸ். கிரேக்கத்தில கொரிந்து எண்டு ஒரு பட்டினம், பழைய பேர் எஃபிரா, அதின்ட ராசா. மனிசரில இவனை விடச் சூழ்ச்சிக்காரன் இல்ல எண்டு பேரெடுத்தவன். அசோப்பஸ் எண்ட ஆத்துத் தெய்வத்தின்ட மகள் ஈஜினாவ தேவர்களுக்கெல்லாம் ராசாவான சீயஸ் தூக்கிக்கொண்டு போட்டார், தகப்பன் மகளைக் காணாமத் தேடி அலையிறார், கண்ட சாட்சி சிசிஃபஸ். 'சொல்லுறன், ஆனா என்ட மலைக்கோட்டையில ஒரு ஊற்று வேணும்' எண்டு கேட்டு, தண்ணிய வாங்கிக்கொண்டு சீயஸைக் காட்டிக் குடுத்திட்டான். கிணறு வத்தி பவுசருக்கு வாளியோட காத்து நிண்ட சனத்துக்கு இந்த ராசாவில ஒரு பிடிப்பு வாறது இயல்பு, எனக்கும் அவன் செய்த வேலையளுக்குள்ள இந்த ஒண்டுதான் பிடிக்கும்.

சீயஸுக்குக் கோவம் வந்து தனாட்டோஸை அனுப்பினார், தனாட்டோஸ் எண்டா சாவு, எங்கட யமன் மாதிரி. சிசிஃபஸ் சாவையே ஏமாத்திச் சங்கிலியால கட்டிப் போட்டான், அதோட உலகத்தில ஒருத்தரும் சாகேல்ல. கடைசியில யுத்தக் கடவுள் ஆரீஸ் வந்துதான் சாவை அவிட்டு விட்டவர். சரி, இனிப் போகத்தான் வேணும் எண்டு வந்த பிறகும் இவன் விடேல்ல, 'எனக்குச் செத்தவீட்டுக் கிரியை ஒண்டும் செய்யாத' எண்டு மனிசியிட்டச் சொல்லிப்போட்டுத்தான் போனவன். பாதாளத்துக்குப் போய் 'பாருங்கோ, என்ட மனிசி எனக்குச் செய்ய வேண்டியதைக் கூடச் செய்யேல்ல, ஒருக்கா விடுங்கோ, போய்க் கண்டிச்சுப்போட்டு வாறன்' எண்டு கெஞ்சி மேல வந்தவன், பேந்து திரும்பிப் போகவேயில்ல, வயசு போகும் மட்டும் இருந்துதான் செத்தவன். அதுக்குப் பிறகு கிடைச்ச தண்டனைதான் அந்தக் கல்லு.

கல்லைப் பற்றி வடிவாச் சொன்னவர் பழைய கிரேக்கப் புலவர் ஹோமர், ஒடிசி எண்ட காவியத்தின்ர 11ஆம் பாகத்தில. அந்தக் காவியத்தின்ட நாயகன் ஒடிசியஸ் பாதாளத்தில தான் கண்டதைச் சொல்லுறான்: ரெண்டு கையாலயும் காலாலயும் உன்னி ஒரு பெரிய கல்லை மேட்டில தள்ளுறான் ஒருத்தன், உச்சியைத் தாண்டப்போற அந்த நேரம் பாரம் அவனைத் திருப்பித் தள்ளுது, அந்த வெக்கங்கெட்ட கல்லு உருண்டு சமதரைக்குப் போகுது, அவன் திரும்பவும் போய்ப் பிடிக்கிறான், உடம்பால வேர்வை ஓடுது, தலைக்கு மேல புழுதி கிளம்புது. இவ்வளவுதான். அவன் என்ன குற்றம் செய்தவன் எண்டு ஹோமர் அந்த இடத்தில ஒரு வரியும் சொல்லேல்ல, நான் மேல சொன்ன கதையள் எல்லாம் வேற ஆக்கள் சொன்னது. எனக்கு இது பெரிய விசயமாப் படுது. வேலை செய்யிறவனின்ட வேர்வை தெரியுது, தீர்ப்புச் சொன்னவரைக் காணேல்ல. கீழ வாற மற்றக் கடிதங்களுக்குப் பதில் எழுதேக்கயும் இதைத்தான் நான் மனசில வைச்சிருந்தனான்.

தமிழில கிட்ட வாறது 'சாண் ஏற முழம் சறுக்குது' எண்டுறதுதான். எக்ஸாமுக்கு 'சிசிஃபியன் ராஸ்க்' எண்டு சேர்த்து எழுதினா பிழைக்காது.

கேள்வி: ஹெர்குலியன் எண்டும் ஒரு சொல்லு இருக்குதே, ரெண்டும் ஒண்டா? அப்பிடிப் பாத்தா வேதாளத்தைச் சுமந்த விக்கிரமாதித்தனும் ஒரு சிசிஃபஸ் தானே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கனகராயன்குளம்

இல்ல சேர், ரெண்டும் வேற. ஹெர்குலிஸ் எண்ட கிரேக்க வீரனுக்குக் குடுத்த வேலை பன்னிரண்டு, ஒவ்வொண்டும் மனிசரால ஏலாத வேலை, ஆனா ஒவ்வொண்டும் முடிஞ்சது. ஆஜியஸ் எண்ட ராசாவின்ட மாட்டுத் தொழுவம், வருசக்கணக்கா ஒருத்தரும் துப்புரவாக்காத தொழுவம், அதை ஆத்தை மறிச்சுத் தொழுவத்துக்குள்ளால திருப்பிவிட்டு ஒரே நாளில கழுவினவன். வாய்க்கால் வெட்டத் தெரிஞ்ச எங்கட ஆக்களுக்கு அது விளங்கும்.

விக்கிரமாதித்தன் ஹெர்குலிஸின்ட பக்கம் எண்டுதான் நான் சொல்லுவன். வேதாளம் திரும்பத் திரும்ப முருங்கை மரம் ஏறினது உண்மை, ஆனா ஒவ்வொருக்காலும் ஒரு கதையும் ஒரு கேள்வியும் குடுத்துப்போட்டுத்தானே ஏறினது, கடைசியில உயிர் தப்பிற வழியையும் அதுதானே சொல்லிக் குடுத்தது. சிசிஃபஸின்ட கல்லு அவனுக்கு ஒண்டும் சொல்லேல்ல.

சரியான சோடி வேணுமெண்டா அதே பாதாளத்தில டனாயஸ் ராசாவின்ட பிள்ளையள் இருக்கினம், அம்பது பேரில நாப்பத்தொம்பது பேர் கலியாண ராத்திரியே புருசன்மாரைக் கொண்டவை, ஓட்டைக் குடத்தில தண்ணி நிரப்பிக்கொண்டே இருக்கச் சொல்லி அவையளுக்குத் தண்டனை. கேரளத்தில சொல்லுற கதை ஒண்டும் உங்களுக்குப் பிடிக்கும் சேர்: நாராணத்துப் பிராந்தன் எண்டு ஒருத்தர், ராயிரநெல்லூர் மலையில ஒவ்வொரு நாளும் கல்லை உச்சிக்கு உருட்டிக்கொண்டு போய்க் கையை விட்டிட்டு, அது கீழ ஓடுறதைப் பாத்துக் கைகொட்டிச் சிரிப்பாராம். கல்லு ஒண்டுதான், மலையும் மலைதான், ஆனா அவரை ஒருத்தரும் தண்டிக்கேல்ல, தானா உருட்டினவர், தானா விட்டவர். கல்லை ஆர் கீழ விடுறது எண்டதிலதான் எல்லாம் இருக்குது.

கேள்வி: எங்கட அம்மா ஒவ்வொரு நாளும் முத்தம் கூட்டுறா, வேம்பு திரும்பக் கொட்டுது, திரும்பக் கூட்டுறா. சமையலும் அப்பிடித்தான். இதுவும் அந்த வேலைதானே?
– ஒரு மகன், புளியங்குளம்

சமைச்ச சோத்தை நீங்கள் சாப்பிட்டு வளந்திட்டீங்கள், அப்ப அதைப் பலனில்லாத வேலை எண்டு எப்பிடிச் சொல்லுறது? கூட்டின முத்தத்தில பாம்பு கிடந்தாக் கண்ணுக்குத் தெரியும், வன்னியில அது சின்ன விசயமில்ல. ஆனா திரும்பத் திரும்ப வாற வேலை முழுக்க ஒரே ஆளின்ட தலையில விழுந்தா அது தண்டனை மாதிரித்தான் தெரியும் தம்பி, நாளைக்குக் காலமை விளக்குமாற்றை நீங்கள் எடுங்கோ.

கேள்வி: ஒவ்வொரு காலபோகமும் பன்றிநெல்லு பிடுங்கிறம், அடுத்த போகம் அதை விடக் கூட வருது. உங்கட கிரேக்க ராசா எங்கட வயலிலதான் நிக்கிறார் எண்டு நினைக்கிறன். கை விட்டிடலாமோ எண்டும் யோசிக்கிறன்.
– கமக்காரர், முரசுமோட்டை

கை விட்டிடாதேங்கோ ஐயா. இதைப் பற்றி நான் கொஞ்சம் நீட்டித்தான் எழுதப்போறன், ஏனெண்டா பாதிப் பேர் இதாலதான் மனம் விட்டுப் போயிருக்கினம்.

பன்றிநெல்லு எதுக்குத் திரும்ப வருது எண்டு பாருங்கோ. அதுவும் நெல்லுத்தான், நெல்லின்ட இனம்தான், அதால நெல்லை விட்டிட்டு அதை மட்டும் கொல்லுற களைநாசினி சும்மா கடையில கிடைக்காது. நாத்துப் பருவத்தில பக்கத்தில நிக்கிற நல்ல பயிருக்கும் அதுக்கும் வித்தியாசம் பிடிக்கேலாது, பூத்துக் கதிர் தள்ளேக்கதான் கொஞ்சம் உயரமா, சிலது மணியில நீட்டு வாலோட, தலையைக் காட்டும். நீங்கள் அதைக் கண்டு இறங்கிறதுக்குள்ள அதின்ட மணி முத்தி உதிரத் தொடங்கிடும், நல்ல நெல்லு அரிவு வெட்டும் மட்டும் கதிரில பிடிச்சுக்கொண்டு நிக்கும், இது தொட்ட உடன கொட்டும், சிலவேளை தொடாமலே கொட்டும். கொட்டினது மண்ணுக்குள்ள உறங்கிக் கிடக்கும், எல்லாம் ஒரே போகத்தில முளைக்காது, கொஞ்சம் இந்த முறை, மிச்சம் வாற முறை. அப்ப நீங்கள் இந்த வருசம் பிடுங்கிறது போன வருசம் கொட்டினதை மட்டுமில்ல, அதுக்கு முந்தினதையும் சேர்த்து. கதிர் கொட்டின பிறகு பிடுங்கினா வைக்கல்தான் கையில வரும், விதை வயலில தங்கிடும், அந்த வேலைக்கு நீங்கள் சொன்ன பேர் சரி.

ஆனா கல்லு உருளுற வழி தெரிஞ்சா மறிக்கலாம். முதல் விசயம் விதைநெல்லு. வீட்டில எடுத்து வைச்ச நெல்லில இது கலந்திருந்தா நீங்களே உங்கட கையால விதைக்கிறீங்கள், அதால உறுதிப்படுத்தின விதைநெல்லு வாங்கிறது நல்லது, விலை கூடத்தான், தெரியும். ரெண்டாவது, முதல் மழைக்கோ வாய்க்கால் தண்ணிக்கோ வயலை நனைச்சு உழுதுபோட்டு உடன விதைக்காம ரெண்டு கிழமை பொறுங்கோ, மண்ணுக்குள்ள கிடந்தது பச்சைப்பசேலெண்டு முளைச்சு வரும், அதைத் திரும்ப உழுது சேறாக்கி மடக்கிப்போட்டு அதுக்குப் பிறகு விதையுங்கோ. இரணைமடுக் குளத்துத் தண்ணி எப்ப திறக்கிறது எண்டு கமக்கார அமைப்புக் கூட்டத்தில முடிவெடுக்கேக்க இந்த ரெண்டு கிழமையையும் சேர்த்துக் கேக்கோணும், தனி ஒருத்தர் கேட்டு நடக்காது, ஒரு வாய்க்காலுக்குக் கீழ இருக்கிற எல்லாரும் சேர்ந்து கேட்டா நடக்கும். மூண்டாவது, ஏலுமெண்டா பன்றிநெல்லு மோசமான துண்டில மட்டுமாவது வீசி விதைக்காம வரிசையில நாத்து நடுங்கோ, வரிசைக்கு வெளியில முளைச்சு நிக்கிறது அவர்தான், கண்ணை மூடிக்கொண்டு பிடுங்கலாம், தண்ணியும் கட்டி நிண்டா புதுசா முளைக்கிறது குறையும். பிடுங்கிறதை மணி பால் பிடிக்க முந்திப் பிடுங்குங்கோ. அறுவடை மெசின் ஆற்றயோ வயல் முடிச்சு உங்கட வயலுக்கு இறங்க முதல், அதுக்குள்ள கிடக்கிற மிச்ச நெல்லைத் தட்டித் துப்புரவாக்கச் சொல்லுங்கோ, அவையள் அவசரப்படுத்துவினம், விடாதேங்கோ.

ஒரு போகத்தில போகாது ஐயா, அதை நான் மறைக்கேல்ல. மண்ணுக்குள்ள கிடக்கிறது தீரத் தீரக் குறையும், புதுசு விழாட்டி. உங்கட விவசாயப் போதனாசிரியரையும் ஒருக்கா வயலுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கோ.

கேள்வி: எங்கட அம்மா கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடிப் போராட்டத்துக்குத் தொடங்கின காலத்தில இருந்து போறா. அண்ணாவைத் தேடி. போன இதழை வாசிச்சிட்டு தம்பி 'அம்மா செய்யிறதும் சிசிஃபஸ் வேலைதான்' எண்டிட்டான். அம்மா ஒண்டும் கதைக்கேல்ல, எழும்பிப் போட்டா. தம்பிக்கு என்ன சொல்லுறது?
– ஒரு சகோதரி, முல்லைத்தீவு

தம்பியோட கோவிக்காதேங்கோ. தாய் வெயிலுக்க இருந்து வாடுறதைப் பாக்கேலாம வந்த கதையாத்தான் இருக்கும். ஆனா அவன் சொன்னது பிழை, ஏன் பிழை எண்டு அவனுக்கு விளங்கப்படுத்தோணும்.

காணாமல் ஆக்கப்பட்டவையின்ட குடும்பங்கள் இருக்கிற அந்தப் போராட்டம் தொடங்கினது 2017 பெப்ரவரி 20. அதுக்கு முதலே இந்த அம்மாமார் எத்தினை இடத்தில போய்ச் சொன்னவை எண்டு தம்பி ஒருக்கா யோசிக்கட்டும். 2010இல கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு கிளிநொச்சிக்கு வந்து விசாரிச்சது. 2013இல காணாமல் போனவைக்கெண்டு சனாதிபதி இன்னொரு ஆணைக்குழு நியமிச்சவர், அதுவும் வந்து இருந்து கேட்டது. 2018இல காணாமல் போனோர் அலுவலகம் வேலை தொடங்கினது. ஒவ்வொரு முறையும் போம் புதுசு, கேள்வி பழசு. பிள்ளையின்ட பேர், பிறந்த திகதி, கடைசியா எங்க கண்டது, ஆரிட்டக் குடுத்தது, என்ன உடுப்புப் போட்டிருந்தவர். படத்தை எடுத்துக் காட்டோணும், அந்த நாளைத் திரும்ப முதலில இருந்து சொல்லோணும், சொல்லி முடிய எழும்பி வரோணும். இதில சிசிஃபஸின்ட கல்லு இருக்குத்தான், ஆனா அதை மேல கொண்டுபோய்க் குடுத்தவை அம்மாமார், கீழ விட்டவை வேற ஆக்கள். தள்ளினவையைப் பாத்து 'உங்கட வேலைக்குப் பலனில்ல' எண்டு சொல்லுறது அநியாயம்.

இன்னொண்டு. சிசிஃபஸ் கல்லை உச்சியில வைச்சாலும் அங்க ஒண்டும் இல்ல, வெறும் மலை. அம்மா கேக்கிற கேள்விக்குப் பதில் இருக்குது. என்ர பிள்ளை எங்க எண்டு கேட்டா, அதுக்குப் பதில் தெரிஞ்ச ஆக்கள் எங்கயோ இருக்கினம். பதில் இருக்கிற ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேக்கிறதுக்குப் பேர் வீண்வேலை இல்ல. 2018இல வலிந்து காணாமல் ஆக்குறது இந்த நாட்டின்ட சட்டத்தில ஒரு குற்றமா வந்தது, அந்தச் சட்டம் தன்ட பாட்டில வந்ததில்ல, தெருவில இருந்த தாய்மாரும் மனிசிமாரும் இல்லாட்டி அது வந்திராது. காணாது, ஓம், காணவே காணாது. பதில் தெரியாமலே அங்க வந்துகொண்டிருந்த எத்தினையோ அம்மா அப்பாமார் கண்ணை மூடிட்டினம். அதுக்காக மிச்சப் பேரை எழும்பச் சொல்ல ஒருத்தருக்கும் உரிமையில்ல.

தம்பியிட்ட நான் கேக்கிறது ஒண்டுதான். அம்மாவிட்ட இருக்கிற துண்டுகள், போமின்ட கொப்பி, கடிதங்கள் எல்லாத்தையும் திகதி வாரியா அடுக்கி ஃபோனில படமெடுத்து ஒரு இடத்தில சேமிச்சு வைக்கட்டும், அம்மா சொல்லுறதை ஒருக்கா முழுக்க றெக்கோட் பண்ணட்டும், அடுத்தமுறை ஆரும் கேட்டா அவ முதலில இருந்து தொடங்கத் தேவையில்ல.

கேள்வி: ஊர்ப்பேர் போட வேண்டாம். காணிப் பெர்மிட் இடம்பெயர்வில துலைஞ்சு போச்சுது. கொப்பி எடுக்கப் போனா ஒருநாள் விதானையாரின்ட கடிதம் எண்டுவினம், அதைக் கொண்டு போனா பொலிஸ் முறைப்பாடு எண்டுவினம், அதையும் கொண்டு போனா விதானையாரின்ட கடிதம் பழசாப் போச்சு, புதுசு கொண்டு வாங்கோ எண்டுவினம். சிசிஃபஸ் நான்தான் எண்டு நினைச்சுக்கொண்டு எழுதுறன்.
– ஒரு அக்கா, வன்னி

அக்கா, இந்த முறை வந்த கடிதங்களில அந்தச் சொல்லுக்கு அச்சொட்டாப் பொருந்தினது உங்கட கதைதான். மேல ஏறினாப் பிறகு மலையின்ட உச்சியையே மாத்துறது. ஆனா உங்களிட்ட சிசிஃபஸிட்ட இல்லாத ஒரு சாமான் இருக்குது, தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம், 2017 பெப்ரவரியில இருந்து நடைமுறையில இருக்குது.

இனி வாயால கேக்காதேங்கோ. அந்த ஒஃபிஸில தகவல் அலுவலர் எண்டு ஒருத்தர் இருக்கோணும், அவருக்குத் தமிழிலயே ஒரு கடிதம் எழுதுங்கோ, ஏன் கேக்கிறீங்கள் எண்டு காரணம் சொல்லத் தேவையில்ல. மூண்டு விசயம் கேளுங்கோ: பெர்மிட்டின்ட கொப்பி எடுக்க என்னென்ன ஆவணம் வேணும் எண்ட முழு லிஸ்ட், அது எந்தச் சுற்றுநிருபத்தின்ட படி, என்ட விண்ணப்பம் இப்ப எந்த மேசையில எந்தத் திகதியில இருந்து கிடக்குது. கடிதம் குடுத்த உடன கிடைச்சதெண்டு துண்டு வாங்குங்கோ, துண்டு இல்லாம வெளியில வராதேங்கோ. 14 வேலை நாளுக்குள்ள தாறதா இல்லையா எண்டு முடிவு சொல்லோணும். இல்ல எண்டாலோ பதிலே வராட்டியோ அதே ஒஃபிஸுக்குக் குறித்தளிக்கப்பட்ட அலுவலர் எண்டு மேல ஒருத்தர் இருப்பார், அவருக்கு 14 நாளுக்குள்ள மேன்முறையீடு, அவரும் சரிவராட்டி ரெண்டு மாசத்துக்குள்ள கொழும்பில இருக்கிற தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு எழுதலாம்.

லிஸ்ட் எழுத்தில கைக்கு வந்திட்டா அதுக்குப் பிறகு இன்னொரு கடிதம் வேணும் எண்டு வாயால சொல்லேலாது, சொன்னா அந்தக் கடதாசியை மேசையில வையுங்கோ. விதானையாரின்ட கடிதத்தை மட்டும் கடைசியா எடுங்கோ, மற்றதெல்லாம் சேர்ந்த பிறகு, அப்பத்தான் அது பழசாகாது. எழுதுறதுக்கு ஆக்கள் இல்லையெண்டா எங்களுக்கு அறிவியுங்கோ, மாதிரிக் கடிதம் ஒண்டு அனுப்பிவிடுறம். பதில் வந்தா அதின்ட கொப்பியையும் அனுப்புங்கோ, உங்கட பேரை எடுத்துப்போட்டு அடுத்த இதழில போடுறம், இதே ஃபைலோட அலையிற மற்ற ஆக்களுக்கும் அந்த லிஸ்ட் தேவைப்படும்.